பழைய தையல் மெஷினில் தோல் தைக்கலாமா?

"பழைய மெஷின்தான் ஸ்ட்ராங், அதுல தோல்கூட தைக்கலாம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. எந்தப் பாதி உண்மைன்னு தெரியாமல் பணத்தைப் போட்டால்தான் கஷ்டம்.

இதை இப்போ எழுத ஒரு காரணம் உண்டு. எங்க ஊர் பொதட்டூர்பேட்டை தறி ஊர். லுங்கி மடிக்கிற, ஓரம் அடிக்கிற வேலை பார்க்கும் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர், மகளிர் குழுவில் கடன் எடுத்து ஒரு "லெதர் மெஷின்" வாங்கலாம்னு இருந்தார். தோல் பர்ஸ், சாவிக்கொத்து, சின்னப் பை தைத்து விற்பது திட்டம். வியாபாரி காட்டியது புதுசா பெயிண்ட் அடிச்ச பழைய டைலர் மெஷின். மேலே "ஹெவி டியூட்டி" என்று ஒரு ஸ்டிக்கர். "தம்பி, முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி வந்து பாத்துச் சொல்லு" என்றார். அன்றைக்கு அங்கே பார்த்ததையும், என்னிடம் இருக்கிற இரண்டு பழைய மெஷின்களைப் பிரித்து மாட்டியதில் தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

தோலில் தையல் எப்படி விழுகிறது

மேல் நூல் ஊசியில், கீழ் நூல் பாபினில். ஊசி அடிவரைக்கும் இறங்கி, மேலே ஏறத் தொடங்கும்போது நூல் துணியில் உரசி நிற்கும். ஊசிக்குப் பின்னால் ஒரு சின்ன வளையம் விரியும். அந்த வளையத்தை ஷட்டிலின் மூக்கு வந்து பிடிக்கும். பிடித்து பாபினைச் சுற்றி இழுத்தால் இரண்டு நூலும் பின்னிக்கொள்ளும். எல்லா லாக் ஸ்டிச் மெஷினும் இந்த ஒரு தந்திரத்தில்தான் ஓடுகிறது. எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கியதிலும், ஐசக் சிங்கர் 1851-ல் வாங்கியதிலும் அடிப்படை இதுதான்.

துணியில் இது சுலபம். தோலில் இரண்டு சிக்கல். ஒன்று, ஊசி ஏறும்போது தோல் ஊசியை விடாமல் ஒட்டிக்கொண்டு கூடவே மேலே வரும். தோலும் நூலும் சேர்ந்தே ஏறினால் வளையம் எங்கே விரியும்? மூக்கு வெறுமனே போய்விடும், தையல் தாண்டும். நம்ம ஆட்கள் உடனே "டைமிங் போச்சு"ன்னு மெஷினைக் கழற்றுவார்கள். பல நேரம் டைமிங் சரியாகவே இருக்கும். தோலை அழுத்திப் பிடிக்கிற காலின் அழுத்தம்தான் போதாது. முதலில் காலுக்கு மேலே இருக்கிற திருகை இறுக்கிப் பாருங்க.

இரண்டாவது, நகர்த்துவது. வீட்டு மெஷினில் கீழே இருக்கிற பல் மட்டும்தான் துணியைத் தள்ளும். மேலே கால் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். தோலின் மேல்பக்கம் அந்த இரும்புக் காலில் ஒட்டும். கீழ் அடுக்கு நகரும், மேல் அடுக்கு பின்தங்கும். பத்து அங்குலம் தைத்து முடித்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. கீழ்ப்பக்கம் பல் தடம் வேறு பதிந்திருக்கும். டெஃப்லான் காலோ உருளை வைத்த காலோ மாட்டினால் இது பெருமளவு குறையும். செலவு குறைவு, பலன் அதிகம்.

எந்த மெஷின் எதற்கு

நம் வீடுகளில் இருக்கிற கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் சிங்கர் 15 வகையின் வழி வந்தவை. கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் வொர்க்ஸ் 1930-களில் உஷா மெஷினைக் கொண்டுவந்தது. பிறகு லூதியானாவில் நிறைய பேர் செய்ய ஆரம்பித்தார்கள். உடம்பு வார்ப்பிரும்பு, உள்ளே எல்லாம் எஃகு. இதைத்தான் "ஸ்ட்ராங்" என்கிறோம். ஆனால் உடம்பு கெட்டியாக இருப்பதும், தோலுக்கு ஏற்ற அமைப்பு இருப்பதும் வேறு வேறு. ஊசி போகிற தட்டின் துளை, ஊசிக்கும் ஷட்டில் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாம் துணி ஊசிக்கு அளந்து செய்தவை. 18 நம்பருக்கு மேல் ஊசி போட்டால் மூக்கில் இடிக்கும். என் அனுபவத்தில், அழுத்திய பிறகு மொத்தக் கனம் 3 மி.மீ. வரைக்கும் இந்த மெஷின் நியாயமாகத் தைக்கிறது. அதற்கு மேல் கையால் சக்கரத்தைத் தள்ளி ஒன்றிரண்டு அங்குலம் தைக்கலாம். அதை நம்பித் தொழில் பண்ண முடியாது.

அடுத்தது செருப்புக்காரர் மெஷின், சிங்கர் 29கே. இதன் கை நீளமாக, ஒல்லியாக இருக்கும், ஷூவுக்குள்ளே நுழையும். கீழே பல்லே கிடையாது. மேலே இருக்கிற காலில்தான் பல். கால் தோலைக் கடித்து, இழுத்து, தூக்கி, மறுபடி போய்க் கடிக்கும். அந்தக் கால் 360 பாகையும் திரும்பும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் தைத்துக்கொண்டு போகும். ஷூவைத் திருப்ப வேண்டியதில்லை. மேல் நூல் வெளியே சுற்றி வராது. மேலிருந்து குழாய்க்குள்ளே இறங்கி வரும். அதைக் கோக்க நீளமான கம்பி ஒன்று வேண்டும். பழைய மெஷின் வாங்கும்போது அந்தக் கம்பி இருக்கான்னு கேளுங்க.

"கே" என்றால் கில்போவி. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் கம்பெனியின் பெரிய ஆலை இருந்த இடம். 1980-ல் மூடிவிட்டார்கள். ஆலை போனாலும் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பேர். மெஷின் நம்பர் "ஒய்" எழுத்தில் தொடங்கினால் அது அந்த ஆலையில் 1921-க்கும் 1935-க்கும் இடையில் செய்தது. என்னிடம் இருப்பது அப்படி ஒன்று. அரக்கோணம் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைத்தது.

29கே-யும் சர்வ வல்லமை உள்ளதல்ல. அது பழுது பார்க்கிற மெஷின். பாபின் சின்னது, அடிக்கடி சுற்ற வேண்டும். தடி நூல் அதற்கு ஒத்துக்காது. குதிரைச் சேணம், 8 மி.மீ. பெல்ட் எல்லாம் வேறு ஜாதி மெஷின்களின் வேலை.

ஊசியும் நூலும்: தறிக்காரர் கணக்கு

ஊசி எண் நேரடியான அளவு. 110 என்றால் 1.10 மி.மீ. தடிமன். கடையில் 18 நம்பர் என்று கேட்பது அதுதான். 16 நம்பர் என்றால் 1.00 மி.மீ.

நூலுக்கு "டெக்ஸ்" என்று ஒரு கணக்கு. 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெக்ஸ். நமக்கு கவுண்ட்தான் பழக்கம். 590-ஐ கவுண்டால் வகுத்தால் டெக்ஸ் வந்துவிடும். 40-ஆம் நம்பர் பருத்தி நூல் கிட்டத்தட்ட 15 டெக்ஸ். தோல் தைக்கிற நைலான் நூல் உருளையில் "டிக்கெட் 40" என்று போட்டிருப்பார்கள். டிக்கெட்டுக்கு 3,000-ஐ வகுக்கணும்: 75 டெக்ஸ். நாம் லுங்கிக்குப் போடும் 40-ஆம் நம்பர் இழை ஐந்து சேர்ந்த கனம். டிக்கெட் 20 என்றால் 150 டெக்ஸ், பத்து இழை கனம். கவுண்ட் மாதிரியே இங்கேயும் எண் குறைந்தால் நூல் தடிக்கும்.

18 நம்பர் ஊசிக்கு டிக்கெட் 40 நூல் சரியாகப் பொருந்தும். வீட்டு மெஷினின் எல்லை அதுதான். டிக்கெட் 20 போட 22 நம்பர் ஊசி வேண்டும், அந்த ஊசி அந்த மெஷினில் போகாது. ஆக, ஒரு மெஷின் "தோல் தைக்குமா" என்று கேட்பதைவிட "எந்த நூல் வரைக்கும் போகும்" என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

ஊசி முனையும் முக்கியம். துணி ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் விலக்க இழைவரிசை இல்லை. அதனால் தோல் ஊசியின் முனை சின்ன உளி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். வெட்டுகிறது என்பதாலேயே ஒரு ஆபத்தும் உண்டு. தையலை நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். துணியில் நெருக்கமான தையல் பலம். தோலில் அது பலவீனம். ஒரு தையல் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். அதே காரணத்தால் தோலில் பிரித்துத் தைப்பது கூடாது. போட்ட ஓட்டை போட்டதுதான்.

பழசை எழுப்புவது

வருஷக்கணக்கில் நின்ற மெஷினின் சக்கரம் சுற்றாது. துருதான் காரணம் என்று நினைப்போம். முக்கால்வாசி நேரம் காரணம் எண்ணெய். வீட்டில் இருந்த நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் ஊற்றியிருப்பார்கள். அவை காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் மெஷின் கனக்கும். தையல் மெஷினுக்கென்று விற்கிற வெள்ளை எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம்.

செய்ய வேண்டியது: எல்லா எண்ணெய்த் துளையிலும், உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்க. மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் அசையுங்க. அசைந்தால் மறுபடி சொட்டு. மூணு நாலு நாளில் விட்டுக்கொடுக்கும். சுத்தியலால் தட்டுவது, சக்கரத்தில் குறடு போட்டுத் திருப்புவது இரண்டும் வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஓட ஆரம்பித்ததும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்க. மண்ணெண்ணெய் கழுவும், ஆனால் மசகு தராது.

பழைய சிங்கரில் தங்க நிறப் பூ வேலை இருந்தால் அதன் மேல் அரக்குப் பூச்சு இருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தின்னர், ஸ்பிரிட் தொட்டால் தொண்ணூறு வருஷ அழகு ஒரு துடைப்பில் போய்விடும்.

துருப்பிடித்த சின்னச் சாமான்களைப் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி போட்டுக் கழுவி, காயவைத்து, உடனே எண்ணெய் தடவலாம். ஸ்பிரிங்கை மட்டும் போடாதீங்க. கெட்டியாக்கிய எஃகை அமிலத்தில் ஊறவைத்தால் உள்ளே ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கத் தொடங்கும்.

திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வையுங்க. சிங்கரின் பல திருகாணிகளுக்குப் புரி அவர்களுடைய சொந்த அளவு. ஒன்று தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. திருப்புளி முனை, பள்ளத்தில் அகலமும் கனமும் நிறைந்து உட்கார வேண்டும்.

29கே-யில் எண்ணெயால் தீராத தேய்மானம் இரண்டு. காலை இழுக்கிற மேல்நெம்பு தேய்ந்தால் தையல் நீளம் குறையும். நல்ல நிலையில் அங்குலத்துக்கு 5 தையல் போடுகிற மெஷின், தேய்ந்த பிறகு நீளத்தை முழுக்க வைத்தாலும் 8, 10 என்று நெருக்கித்தான் போடும். தோலுக்கு அது கேடு என்று மேலே சொன்னேன். இன்னொன்று, ஷட்டிலை ஓட்டுகிற பல் சட்டம். அது தேய்ந்தால் மூக்கு ஒரு தையலில் முன்னே, ஒரு தையலில் பின்னே வரும். இரண்டுக்கும் புது உதிரி கிடைக்கிறது, ஆனால் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வேகம் வேண்டாம், பலம் வேண்டும்

வீட்டு மெஷினுக்கு மாட்டும் சின்ன மோட்டார் வேகமாக ஓடும்போதுதான் பலம் காட்டும். தோல் தைப்பது மெதுவான வேலை. மெதுவாக மிதித்தால் மோட்டார் முனகும், ஊசி நிற்கும். கொஞ்சம் அழுத்தினால் பாயும். விரலில் ஊசி இறங்குவது இப்படித்தான்.

இதற்கு எங்க ஊரில் வழி எளிது. விசைத்தறிக் கழிவில் புல்லி, பெல்ட் நிறைய கிடக்கும். நடுவில் ஒரு தண்டு வைத்து, மோட்டார் பக்கம் 50 மி.மீ. புல்லி, தண்டில் 200 மி.மீ. புல்லி போட்டால் வேகம் கால்வாசி, திருப்பு விசை நாலு மடங்கு. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம். அதுவும் வேண்டாம் என்றால் கைச்சக்கரம்தான் சிறந்த வேகக் கட்டுப்பாடு.

தோலின் குணம்

இங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரு நாள் பயணம். திருத்தணியில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து பெரியமேடு தோல் கடைகள் நடக்கிற தூரம். அங்கே போனால் முதலில் கேட்க வேண்டியது குரோம் தோலா, பட்டைத் தோலா என்பது.

பழைய மெட்ராஸ் முறை ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவது. குரோம் முறை 1900-களின் தொடக்கத்தில் வந்தது. அதை இங்கே முயன்று காட்டியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்குச் சீக்கிரம் மக்காத தோல் வேண்டும் என்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. அதே ஆள் சேலத்தில் கைத்தறியை மேம்படுத்தவும் வேலை செய்தார். குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால்.

குரோம் தோல் மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும், இழுக்காமல் தைக்கணும். பட்டைத் தோல் விறைப்பு, தையல் அழகாக உட்காரும், ஆனால் இரும்பு ஆகாது. துரு கலந்த எண்ணெய் ஒரு சொட்டு ஈரத்தோடு பட்டால் கருப்பாகிவிடும், போகாது. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் கடுக்காய் ஊறிய துணியில் இரும்புக் கரைசல் தொட்டுக் கருப்புக் கோடு போடுவதும் இதே வேதியியல்தான். பட்டையில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அதனால் பழைய மெஷினை எழுப்பியதும் முதலில் கழிவுத்துணியில் பத்து மீட்டர் ஓட்டி எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் தோலை வைக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

அந்த அக்காவுடன் போனபோது செய்தது இதுதான். வாங்குகிற யாரும் செய்யலாம்.

1. தைக்கப்போகிற தோலையே கையோடு கொண்டு போங்க. கடைக்காரர் தரும் ரெக்சினில் தைத்துப் பார்த்துப் பயனில்லை.
2. மோட்டாரைக் கழற்றச் சொல்லி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. எங்கேயாவது கனத்தால் ஏன் என்று கேளுங்க.
3. ஊசி அடியில் இருக்கும்போது ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினால் பெயிண்ட்டுக்கு மட்டும்தான் காசு.
4. நாலு அடுக்குத் தோல் வைத்து, தையல் நீளம் 4 மி.மீ. வைத்து, ஒரு சாண் தையுங்க. தாண்டுதா, அடுக்கு நழுவுதா, கீழ்ப்பக்கம் நூல் கொத்தாக நிற்குதா பாருங்க.
5. எந்த நம்பர் ஊசி வரை போகும் என்று கேட்டு, அந்த ஊசியைப் போட்டே காட்டச் சொல்லுங்க.

அந்த மெஷின் இரண்டு அடுக்கு ஆட்டுத் தோலைத் தைத்தது. நாலு அடுக்கில் மூன்றில் ஒரு தையல் தாண்டியது. அக்கா வீட்டில் அவர் மாமியார் காலத்து உஷா ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் இதையேதான் செய்யும். கடன் வாங்கி அதே மெஷினை இன்னொரு முறை வாங்குவதில் என்ன அர்த்தம்? முன்பணம் கொடுக்கவில்லை.

அந்த உஷாவுக்கு எண்ணெய், 18 நம்பர் தோல் ஊசி, டெஃப்லான் கால், டிக்கெட் 40 நூல் போட்டோம். 0.8 மி.மீ. ஆட்டுத் தோல் நாலு அடுக்கு என்றால் 3.2 மி.மீ.; எல்லைக்கு மேலே. ஓரத்தை மட்டும் பாதியாகச் சீவினால் தையல் விழுகிற இடத்தில் 1.6 மி.மீ. தான். மெஷினைப் பெரிதாக்குவதற்குப் பதில் தோலை மெலிதாக்கினோம். பர்ஸ் தைப்பவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். இப்போது வாரத்துக்குச் சில பர்ஸ் போகிறது. பெரிய வருமானம் இல்லை. ஆனால் மாதத் தவணை என்று தலைக்கு மேல் எதுவும் தொங்கவில்லை.

மெஷின் தொட முடியாத இடம்

ஓரம் சீவ அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர். அவர் கத்தியைத் தள்ளுகிற சாய்வைப் பார்த்தால்தான் புரியும். எழுதிக் காட்ட எனக்கு வராது.

விசைத்தறியில் நாடாவை அடிக்கிற பிக்கர் ஒரு காலத்தில் எருமைத் தோல். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். பிக்கிங் வாரும், நாடாவைத் தடுக்கிற வாரும் தோலாக இருந்தபோது, அறுந்தால் ஓடியது இவர் மாதிரி ஆட்களிடம். 4 மி.மீ. வார் இரண்டைச் சேர்த்து, குத்தூசியால் துளை போட்டு, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து இரண்டு பக்கமிருந்தும் தைப்பார். மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். இதில் ஒரு இடம் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். நிமிஷத்துக்கு நூற்றுக்கும் மேல் அடி வாங்குகிற வாருக்கு இந்தத் தையல்தான் தாங்கும். எந்தப் பழைய மெஷினும் இதைப் போடாது.

தறி ஓட அவர் தையல் வேண்டியிருந்தது. ஆனால் தறி வீட்டுக்குள்ளே அவரை உட்காரச் சொன்னவர்கள் குறைவு. வாரைத் திண்ணையில் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். தோல் வேலையை ஒரு ஜாதியின் தலையில் கட்டிவிட்டு, அந்த அறிவையும் கீழாகவே வைத்திருந்தோம். இப்போது "லெதர் கிராஃப்ட்" என்று பேர் மாறி நம் வீட்டுக்குள் வரும்போது, கற்றுக்கொடுக்க ஆள் தேடுகிறோம். அக்கா அவருக்கு ஒரு நாள் கூலி கணக்குப் போட்டுக் கொடுத்து, வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் கற்றுக்கொண்டார்.

ஆகவே கனம் 3 மி.மீ.க்குள் என்றால் வீட்டில் இருக்கும் மெஷினையே எழுப்புங்க. ஷூ, பை பழுது என்றால் தேய்மானம் பார்த்து 29கே தேடுங்க. அதற்கு மேல் கனம் என்றால், மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு முறை போய் வாங்க.